கண்டது மொழிதல்: சிற்றுயிர்களைக் கவிதையில் எழுதத் தொடங்குவோர்க்கு

கண்மாய்க் கரையில் மடையான் என்னும் ஒரு சிறு கொக்கு, திண்ணை ஓரத்து மணலில் ஒரு குழியானை, பாறையில் வெயில் காயும் ஓர் ஓணான் என ஏதோ ஒன்றை ஒரு மனிதர் சில நிமிடங்கள் பார்க்கிறார். அதுவும் அவரைப் பார்க்கிறது, அல்லது பார்க்காமல் தன் வேலையைச் செய்கிறது. பிறகு இருவரும் தத்தம் வழியில் போகிறார்கள். இவ்வளவே நிகழ்ந்ததைக் கவிதையாக்க விரும்பும் புதியவர்களுக்காக, குறிப்பாக மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருப்பவர்களுக்காக, இக்கட்டுரை எழுதப்படுகிறது. யாப்பு தெரிந்திருக்க வேண்டியதில்லை. பறவை நோக்குவதில் முன்பயிற்சியும் தேவையில்லை. ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும் அரை மணி நேரம் சும்மா உட்காரும் மனமும் இருந்தால் போதும். இவற்றுள் மூன்றாவதுதான் கடையில் கிடைக்காது.

இவ்வகைக் கவிதை எழுத எளிதாகத் தோன்றும். ஆனால் புதியவர்கள் கையில் பெரும்பாலும் கெட்டுப்போவதும் இதுதான். கெடுவதற்குக் காரணம் மொழியறிவுக் குறைவு அன்று, அவசரம். எறும்பைக் கண்டவுடன் உழைப்பு என்றும், வண்ணத்துப்பூச்சியைக் கண்டவுடன் விடுதலை என்றும், கொக்கைக் கண்டவுடன் பொறுமை என்றும் எழுதிவிடுகிறோம். அந்த எறும்பு அன்று காலை என்ன செய்தது என்பது கவிதைக்குள் வருவதே இல்லை. உயிரினம் வந்த வேகத்தில் ஒரு கருத்தாக மாறிவிடுகிறது. அதன்பின் அதைப் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது.

இதற்கான மருந்து மதுரையிலேயே இருக்கிறது. தருமிக்குப் பொற்கிழி வாங்கித் தருவதற்காக இறைவனே எழுதிக் கொடுத்தார் என்று திருவிளையாடல் கதை சொல்லும் பாடல், குறுந்தொகையில் இறையனார் பெயரில் இரண்டாம் பாடலாக உள்ளது. கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று நக்கீரர் எழுப்பிய வழக்கையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அந்தப் பாடல் ஒரு தும்பியிடம், அதாவது வண்டிடம், பேசுகிறது, பேசத் தொடங்கியதும் அதனிடம் ஒரு நிபந்தனை வைக்கிறது: "காமம் செப்பாது கண்டது மொழிமோ." நான் விரும்புவதைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல் என்பது பொருள். தும்பிக்கு இடப்பட்ட அந்தக் கட்டளையைக் கவிஞர் தமக்கும் இட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வழிகாட்டியின் அடிப்படை. கீழே வரும் படிகள் எல்லாம் அதை நடைமுறையில் கொண்டுவரும் வழிகள்.

முதற்படி: ஓர் உயிர், ஓர் இடம்

சிற்றுயிரைப் பார்க்க மேகமலைக்கோ கொடைக்கானலுக்கோ போக வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பயணத்தில் காணும் உயிரை ஒருமுறைதான் காண்போம். கவிதைக்குத் தேவைப்படுவது மறுபடியும் மறுபடியும் காணும் வாய்ப்பு. வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் ஓர் இடத்தையும், அங்கே வழக்கமாக வாழும் ஓர் உயிரையும் தேர்ந்துகொண்டு, சில வாரங்களுக்கு அதை மட்டுமே பாருங்கள்.

நகருக்குள் இருப்பவர்களுக்கு முதுகில் மூன்று கோடு கொண்ட அணிலும், சுவர்ப் பல்லியும், மல்லிகைப் பந்தலிலோ துணி காயும் கொடியின் ஓரத்திலோ பை போலக் கூடு தொங்கவிடும் தேன்சிட்டும் போதும். வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு முக்குளிப்பான், மீன்கொத்தி, மடையான் ஆகியவை கிடைக்கும். நகருக்கு மேற்கே கீழக்குயில்குடியில், சமணமலை அடிவாரத்துத் தாமரைக் குளமும் அய்யனார் கோயில் ஆலமரங்களும் காலை வேளையில் உட்காருவதற்கு ஏற்றவை. மேலே செட்டிப்புடவு என்னும் குகைக்குப் போகும் வழியில் பாறைகள் சூடேறியதும் ஓணான்கள் வெளியே வரும். மேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் என்னும் இரு ஊர்களிலுமாக 193 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு. அங்கே வல்லூறுகளும் தேவாங்கும் அழுங்கு எனப்படும் எறும்புதின்னியும் உள்ளன என்பதைக் கேட்டு உடனே அவற்றைத் தேடிப் போக வேண்டாம். தேவாங்கு இரவில் நடமாடும் உயிர். அதன் பெரிய கண்களில் டார்ச் ஒளியைப் பாய்ச்சிவிட்டு எழுதும் கவிதையில் அமைதி என்ற சொல்லுக்கு இடமில்லை. புதியவர் அதே அரிட்டாபட்டியில் கண்மாய் ஓரத்துத் தட்டானைப் பார்த்தாலே நிறைய எழுதலாம்.

எதில் தொடங்குவது என்று என்னைக் கேட்டால் குழியானை என்பேன். கோடையில், மழை நனைக்காத இறவாரத்து அடியிலும் கோயில் மண்டப ஓரங்களிலும் பொடிமணலில் சிறுசிறு கூம்புக் குழிகளைக் காணலாம். குழியின் அடியில் மணலுக்குள் மறைந்து ஒரு பூச்சியின் இளம்புழு காத்திருக்கிறது. விளிம்பில் கால் வைத்த எறும்பு சரியத் தொடங்கியதும், அது கீழிருந்து மணலை எற்றி அந்தச் சரிவைக் கூட்டும். எறும்பு அடிக்கு வந்ததும் தாடைகளால் பற்றி உடற்சாற்றை உறிஞ்சும். மணலில் அது பின்புறமாகவே நகரும். வளர்ந்தபின் தட்டானை ஒத்த, மெல்லிய வலைச் சிறகுகள் கொண்ட பூச்சியாகிப் பறந்துவிடும். ஓடி ஒளியாத, நாள் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கும், நம் காலடியிலேயே வாழும் உயிர் இது. அதோடு, இதன் செயலில் எந்த நீதியையும் எளிதில் ஏற்ற முடியாது. புதியவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் அமைவது கடினம்.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்மாய்ப் பறவைகளும் தவளைகளும் வேண்டுமானால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய காலம் சிறந்தது. சித்திரையில் பல கண்மாய்களில் வெடித்த மண்தான் இருக்கும். வெடித்த மண்ணும் எழுதத் தக்கதே, ஆனால் அதில் முக்குளிப்பான் இராது.

இரண்டாம் படி: ஓசையை அடக்குதல்

அகநானூற்றின் நான்காம் பாடலில், குறுங்குடி மருதனார், மழைக்காலத்தில் வீடு திரும்பும் தலைவன் ஒருவனைப் பாடுகிறார். பூத்த சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் தேரின் ஓசையால் கலங்கிவிடக் கூடாது என்று அஞ்சி, அவன் தேர் மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான்: "தாதுண் பறவை பேதுறல் அஞ்சி, மணிநா ஆர்த்த மாண்வினைத் தேரன்." காதலியைக் காண விரைந்து வருபவன், வழியில் ஒரு வண்டுக்காக இறங்கி மணியைக் கட்டுகிறான் என்றால், சிற்றுயிரைக் காண்பதற்கென்றே போகும் நாம் இன்னும் கவனமாக இருக்கலாம்.

நம் தேர்மணி செல்பேசி. அதிர்வில் வைப்பது போதாது, ஏனென்றால் அது அதிரும்போது நாம் குனிகிறோம், நாம் குனியும்போது பறவை எழுகிறது, அணைத்துவிடுவதே நல்லது. சாவிக்கொத்தும் கொலுசும் நெகிழிப் பையும் அடுத்தவை. வெள்ளை, சிவப்பு போன்ற எடுப்பான உடைகளைத் தவிர்த்து, மண்ணுக்கும் இலைக்கும் ஒத்துப்போகும் நிறத்தில் உடுத்துங்கள். சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சென்றுவிடுங்கள். போனதும் நடந்து தேடாமல், வசதியான ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். நடக்கும் மனிதனிடமிருந்து விலகிப்போகும் உயிர்கள், உட்கார்ந்த மனிதனைச் சற்று நேரத்தில் பொறுத்துக்கொள்ளும். அணிலையோ பறவையையோ நேராக உற்று நோக்காமல் சற்று ஒதுக்கிப் பார்ப்பது நல்லது. விரலை நீட்டிக் காட்ட வேண்டாம். நெருங்கிச் செல்வதானால், அது செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திய நொடியிலேயே நீங்களும் நின்றுவிட வேண்டும்.

ஆள்காட்டிக்குருவி கத்திக்கொண்டு தலைக்கு மேல் வட்டமிட்டால், அதன் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் தரையிலேயே இருக்கிறது என்று பொருள். கூழாங்கற்களுக்கு இடையே அவை கல்லைப் போலவே கிடப்பதால் மிதித்துவிட நேரும். வந்த வழியே திரும்பிவிடுங்கள். அந்தத் திரும்புதலும் கவிதைக்குரிய சந்திப்பே, ஒருவேளை அதுவே சிறந்த சந்திப்பு. மலைப்பக்கம் போகிறவர்கள் பாறை இடுக்கில் கையை விடக் கூடாது, மூடிய செருப்பு அணிய வேண்டும், எங்கே போகிறோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பாம்பு கவிதையில் நன்றாக இருக்கும்.

மூன்றாம் படி: குறிப்பேடு

தொல்காப்பியம் பாட்டுக்குரிய பொருளை முதல், கரு, உரி என்று பகுக்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்து உயிர்களும் மரங்களும் பிறவும். உரிப்பொருள் மனிதருடைய உணர்வு. இந்த வரிசை புதியவருக்கு மிகவும் பயன்படும். உட்கார்ந்த இடத்தில் முதல் இரண்டை மட்டுமே எழுதுங்கள். உரிப்பொருளை அங்கே எழுதாதீர்கள். மனம் நெகிழ்ந்தது, அமைதி பரவியது போன்ற தொடர்கள் குறிப்பேட்டில் ஏறிவிட்டால் அதன்பின் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும்.

குறிப்பு இப்படி இருக்கலாம்: "காலை ஆறே முக்கால். மடைக்குக் கிழக்கே பத்தடி. தண்ணீர் கணுக்கால் அளவு. காற்று இல்லை. மடையான் கழுத்தை உள்ளே இழுத்துக் குந்தினாற்போல் நிற்கிறது. இரண்டு கால்களும் சேற்றில். கழுத்து மெதுவாக முன்னே வந்தது, நின்றது, பின்னே போனது. கொத்தவில்லை." இதில் அழகிய சொல் ஒன்றும் இல்லை. ஆனால் வினைச்சொற்கள் இருக்கின்றன, அவை அந்தப் பறவைக்கே உரியவை. பெயரடைகளைக் குறைத்து வினைகளைக் கூட்டுங்கள். அணில் ஓடியது என்று எழுதினால் குறிப்பு முடியவில்லை; தலைகீழாக இறங்கியதா, நின்று நின்று ஓடியதா, பூனையைக் கண்டு கத்தும்போது ஒவ்வொரு கத்தலுக்கும் வால் துள்ளியதா என்பதுவரை எழுத வேண்டும். படம் வரையத் தெரியாதவரும் ஒரு கோட்டுருவம் வரையலாம். கையால் வரையும்போது கழுத்து எங்கே வளைகிறது என்பதைக் கண் கட்டாயமாகப் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

இன்னொரு கேள்வியையும் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த உயிர் என்னை எப்புலனால் அறிந்தது? இதையும் தொல்காப்பிய மரபியல் தூண்டுகிறது. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும் அந்நூல், நந்தும் (நத்தை) முரளும் (சிப்பி வகை) ஈரறிவின, சிதலும் (கறையான்) எறும்பும் மூவறிவின, நண்டும் தும்பியும் நான்கறிவின என்கிறது. தொடுதல், சுவைத்தல், முகர்தல் என்ற மூன்றோடு எறும்பு நின்றுவிடுகிறது. நண்டுக்கும் தும்பிக்கும் கண் சேர்கிறது. எறும்புக்கும் கண் உண்டு என்று இன்றைய உயிரியல் திருத்தும், திருத்தட்டும். நமக்குப் பயன்படுவது அந்தப் பட்டியல் அன்று, அதன் பின்னுள்ள கேள்வி. குழியானைக்கு நீங்கள் உருவம் அன்று, மணலில் பரவும் ஓர் அதிர்வு. உங்கள் கட்டைவிரலில் ஏறும் எறும்புக்கு நீங்கள் ஒரு வாசனை. மடையானுக்கு மட்டுமே நீங்கள் ஓர் உருவம். இதை எழுதிப் பார்த்தவுடன் கவிதையில் நம் அளவு தானாகவே சுருங்கிவிடுகிறது, அப்படிச் சுருங்குவது கவிதைக்கு நல்லது.

நான்காம் படி: பெயரைக் கேட்டறிதல்

பெயர் தெரியாத பறவையை "ஒரு சிறு பறவை" என்று எழுதுவது தவறில்லை, ஆனால் சோம்பல். பெயரைத் தேட நூல்கள் உண்டு. அதற்கு முன் அவ்விடத்து மனிதர்களைக் கேளுங்கள். கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கும் பெரியவரிடம், "ஐயா, இந்தக் குருவிய இங்க என்னன்னு சொல்லுவீக?" என்று கேட்டால், பெயரோடு, அது எந்த மாதத்தில் வரும், எந்த மரத்தில் அடையும் என்பதும் சேர்ந்தே வரும். அவர் சொல்லும் பெயர் நூலில் உள்ள பெயரோடு பொருந்தாவிட்டால், கவிதைக்கு அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு, குறிப்பேட்டில் இரண்டையும் எழுதி வையுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இது பொருந்தாது. கவிதைக்குப் பொருந்தும், ஏனெனில் அந்தக் கரையில் அந்தப் பறவையை வாயால் அழைத்தவர்கள் அவர்கள்தாம்.

ஐந்தாம் படி: முதல் வரைவும் திருத்தமும்

வீடு திரும்பியபின், அன்றைக்கே எழுதாமல், மறுநாள் எழுதுங்கள். புதியவரின் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்; எடுத்துக்காட்டுக்காக எழுதியிருக்கிறேன்:

தவம் செய்யும் முனிவனைப் போல்
ஒற்றைக் காலில் நிற்கும் மடையானே!
உன் பொறுமையை
இந்த மனிதகுலம்
என்று கற்றுக்கொள்ளும்?

இதைக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறிப்பில் இரண்டு கால்களும் சேற்றில் இருந்தன. வரைவில் ஒற்றைக்கால் வந்துவிட்டது. அது கண்மாயிலிருந்து வரவில்லை, நாம் எப்போதோ பார்த்த ஓவியத்திலிருந்து வந்தது. முனிவன் உவமையும் அப்படியே. கொக்கின் காத்திருப்பைத் திருவள்ளுவர் "கொக்கொக்க கூம்பும் பருவத்து" என்று சொல்லி முடித்துவிட்டார். "ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும்" என்று மூதுரையும் பாடிவிட்டது. அவர்கள் நீதி நூல் செய்தார்கள், அதற்குக் கொக்கு வேண்டியிருந்தது. அந்த நூல்களில் அது சரியான இடத்தில் நிற்கிறது. அதே இடத்தில் நம் மடையானையும் கொண்டுபோய் நிறுத்தினால், வைகைப் பாசனத்துக் கண்மாய் ஒன்றில் ஒரு குறிப்பிட்ட காலையில் நின்ற அந்தப் பறவை காணாமல் போகிறது. இறுதியில் மனிதகுலத்தை நோக்கிய கேள்வி வருகிறது. மனிதகுலம் அன்று கரைக்கு வரவில்லை, வந்தது நீங்கள் ஒருவர்தான்.

இப்போது குறிப்பேட்டை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு மீண்டும் எழுதிப் பார்ப்போம். மடையானிடம் பார்த்தவர் மறக்க முடியாத ஒன்று உண்டு. நின்றிருக்கும்போது பழுப்பும் கோடுமாகச் சேற்றோடு ஒன்றிப்போயிருக்கும் அது, பறக்கும்போது விரியும் சிறகு முழுவதும் வெள்ளை. இனப்பெருக்கக் காலத்தில் முதுகு அரக்கு நிறம் கொள்ளும் என்பதால், இந்த ஒன்றிப்போதலை மற்ற மாதங்களில்தான் எழுத முடியும். பொழுது முதற்பொருளாவது இப்படித்தான்.

மடையான்

மடைக் கல்லில் உட்கார்ந்தேன்.
எதிரே சேற்றில்
சேறு கொஞ்சம் நீண்டு
மறுபடி சுருங்கியது.
செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.
அதற்குள்
வெள்ளையாய் எழுந்து
அக்கரைக்குப் போனது.

இது பெரிய கவிதை என்று சொல்ல வரவில்லை. என்ன மாறியது என்பதைக் காட்டவே தருகிறேன். பெயர் தலைப்புக்குப் போய்விட்டதால், கவிதைக்குள் பறவை என்ற சொல்லே இல்லாமல் சமாளிக்க முடிகிறது. சேறு நீள்வதாகவும் சேறு எழுவதாகவும் எழுதும்போது, பார்ப்பவர் கண்ணில் முதலில் பட்டது என்னவோ அதுவே வரிசையாக வருகிறது. மனிதர் செய்த காரியம் ஒன்றே ஒன்று, குனிந்தார். அவர் வருந்தினாரா வியந்தாரா என்று சொல்லவில்லை. "அதற்குள்" என்பது தனி வரியில் நிற்பதால், படிப்பவர் அந்த இடத்தில் சற்றுத் தங்கி அதைத் தாமே அறிந்துகொள்கிறார். உரிப்பொருள் அங்கேதான் இருக்கிறது. இறுதியில் "என் வருகை உன்னை விரட்டியதோ" என்று ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்த்தால் கவிதை நம்மைப் பற்றியதாகிவிடும்.

திருத்தும்போது வரிக்கு வரி கேட்டுக்கொள்ள வேண்டியது, இதை அங்கே கண்டேனா, வீட்டில் நினைத்தேனா என்பதே. நினைத்தது எல்லாவற்றையும் நீக்க வேண்டியதில்லை. "சேறு நீண்டு" என்பதும் நினைப்பில் உருவானதுதான், ஆனால் அது கண்டதிலிருந்து பிறந்தது. கண்டதற்கு எதிராக நிற்கும் நினைப்பையே நீக்க வேண்டும். அதன்பின், உயிரினம் மனிதனுக்கு ஏதாவது சொல்வதாக வரும் வரிகளைத் தேடிப் பாருங்கள். அணில் என்னிடம் சிரித்தது, பல்லி எச்சரித்தது, குருவி ஆறுதல் சொன்னது போன்றவை. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. ஒரு பாட்டி பல்லிச் சத்தம் கேட்டுக் கைவேலையை நிறுத்துகிறாள் என்றால் அது பாட்டியைப் பற்றிய உண்மை, தாராளமாக எழுதலாம். பல்லி பாட்டியிடம் பேசியது என்று எழுதும்போதுதான் கண்டது போய் விரும்பியது வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் கபிலரின் ஒரு பாட்டை நிதானமாகப் படிக்கச் சொல்வேன். குறுந்தொகையில் இருபத்தைந்தாவது, ஐந்தே அடிகள். தலைவன் தன்னை மணந்த பொழுதில் வேறு யாருமே அங்கில்லை, அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன் என்கிறாள் ஒருத்தி. பிறகு ஒன்றை நினைத்துக்கொள்கிறாள்: "தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால, ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு." தினையின் தாளைப் போன்ற சிறிய பசிய கால்களோடு குருகு என்னும் நீர்ப்பறவை ஒன்று அங்கே நின்றது. அவளுக்கு அது சாட்சியாக வேண்டும். ஆனால் குருகு அவளைப் பார்க்கவில்லை. ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவளுடைய வாழ்க்கையே திரும்பிய கணத்தில் அந்தப் பறவைக்குத் தன் இரைதான் பெரிது. அவள் துயரம் எவ்வளவு என்பதைக் கபிலர் எங்கும் விவரிக்கவில்லை. கால் எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்கிறார். குருகின் காலை அவ்வளவு கூர்மையாக நினைவில் வைத்திருப்பவள் அந்தக் கணத்தை எவ்வளவு நினைத்திருப்பாள் என்பதை நாம் கணக்கிட்டுக்கொள்கிறோம். உங்கள் கவிதையில் வரும் உயிருக்கும் இப்படி அதன் சொந்த வேலை ஒன்று இருக்கட்டும். நீங்கள் இல்லாவிட்டாலும் அது செய்துகொண்டிருக்கும் வேலையாக அது இருக்க வேண்டும்.

உயிரினத்தை "நீ" என்று விளிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். விளிக்கலாம், இறையனாரே தும்பியை விளிக்கிறார். ஆனால் விளித்தவுடன் குரல் உயர்ந்துவிடும், வியப்புக்குறி வந்து உட்கார்ந்துகொள்ளும். 1904-இல் சில மாதங்கள் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த பாரதி, பின்னாளில் "காக்கை குருவி எங்கள் ஜாதி" என்று பாடினார். அந்தக் குரலுக்கு அத்தனை உயரம் தாங்கும். புதியவர் முதலில் "அது" என்று எழுதிப் பழகிவிட்டு, பிறகு "நீ"க்கு வருவது பாதுகாப்பானது.

ஆறாம் படி: நீளமும் வடிவமும்

குறுந்தொகைப் பாடல்கள் பொதுவாக நான்கு முதல் எட்டு அடிகள் கொண்டவை. ஒரு சிறு சந்திப்புக்கு அந்த அளவே போதும் என்பது என் கருத்து. பன்னிரண்டு வரியைத் தாண்டினால் எங்கோ விளக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று கொள்ளுங்கள். ஆசிரியப்பா தெரிந்தவர்கள் அதில் எழுதலாம், மற்றவர்கள் புதுக்கவிதையில் எழுதலாம். பேச்சில் எங்கே மூச்சு நிற்கிறதோ அங்கே வரியை முறியுங்கள். தாளில் அழகாகத் தெரிவதற்காக ஒவ்வொரு சொல்லையும் தனி வரியில் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஹைக்கூவில் எழுதுவோர்க்கு ஒரு சொல். ஜப்பானியக் கவிதையைப் பற்றிப் பாரதி 1916-இலேயே சுதேசமித்திரனில் எழுதினார்; தமிழுக்கு அவ்வடிவம் புதியதன்று. ஐந்து, ஏழு, ஐந்து என்ற அசை எண்ணிக்கை ஜப்பானிய மொழியின் ஓசைக்கு உரியது. தமிழில் அதை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, மூன்று வரிகளுள் ஓரிடத்திலாவது காட்சி திரும்புகிறதா என்று பார்ப்பது மேல். மூன்றாம் வரியில் தத்துவத்தை வைத்து அடைத்தால் அது மூன்று வரியில் எழுதிய பழமொழியாகிவிடும்.

ஏழாம் படி: பத்துப் பாடுதல்

ஒரு கவிதை எழுதியதும் அடுத்த உயிருக்குத் தாவ வேண்டாம். ஐங்குறுநூறு மூன்று முதல் ஆறு அடிவரை உள்ள சிறு பாடல்களின் தொகுப்பு. பத்துப் பத்தாக அடுக்கப்பட்டது. மருதத் திணையில் ஓரம்போகியார் நண்டை வைத்தே ஒரு பத்து பாடியிருக்கிறார். கள்வன் பத்து என்பது அதன் பெயர்; கள்வன் என்பது இங்கே நண்டு. ஒரு பாட்டில் அந்தப் புள்ளி நண்டு ஆம்பலை அறுக்கிறது, இன்னொன்றில் வயலின் நெற்கதிரைக் கொண்டு வளைக்குள் போகிறது. வயல் அதுவே, நண்டும் அதுவே. செயல்தான் பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது. நெய்தலில் வெள்ளாங்குருகுக்கும், குறிஞ்சியில் குரங்குக்கும் கிளிக்கும் மயிலுக்கும் இவ்வாறே பத்துகள் உண்டு.

இதைப் பயிற்சியாகக் கொள்ளுங்கள். உங்கள் குழியானையை வைத்துப் பத்துக் கவிதை எழுதுங்கள். முதல் மூன்று எளிதாக வரும், ஏற்கெனவே தெரிந்ததை எழுதுவீர்கள். நான்காவதில் சரக்குத் தீர்ந்துவிடும். அப்போது வேறு வழியில்லாமல் மறுபடியும் போய் மணல் ஓரத்தில் குந்த வேண்டியிருக்கும், இதுவரை கவனிக்காத ஒன்றைப் பார்ப்பீர்கள்: காற்றடித்துச் சிதைந்த குழியை அது திரும்பத் தோண்டும் விதம், தப்பிவிட்ட எறும்பு, அருகருகே இருக்கும் குழிகளுக்கு இடையே விடப்பட்டிருக்கும் தொலைவு. ஐந்தாவதிலிருந்துதான் கவிதை தொடங்குகிறது என்பது இப்பயிற்சியைச் செய்த யாரும் சொல்வது. முதல் நான்கைக் கிழித்துப் போடலாம்.

வெளியிடுவதற்கு முன்

கூடு இருக்கும் மரத்தையோ, தேவாங்கு, அழுங்கு போன்ற அரிய உயிர்களைக் கண்ட சரியான இடத்தையோ கவிதையிலும் அதனுடன் போடும் படத்திலும் தெரிவிக்காதீர்கள், பிடிப்பவர்களும் படிப்பார்கள். ஊர்ப்பெயர் வேண்டுமானால் மலையின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கவிதைக்காகவோ படத்துக்காகவோ எதையும் பிடித்து வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. நம் நாட்டுக் கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது இன்னமும் பலருக்குத் தெரியவில்லை. அடிபட்ட உயிரைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதை எழுதுவது பிறகு.

கடைசியாக, எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கவிதை அறிந்த நண்பரிடம் காட்டுவது இருக்கட்டும். அதற்கு முன், உங்களுக்குப் பெயர் சொன்ன ஆடு மேய்ப்பவரிடமோ, மடை திறக்கும் நீர்க்கட்டியிடமோ, வீட்டு அப்பத்தாவிடமோ படித்துக் காட்டுங்கள். உவமை நன்றாக இருக்கிறதா என்று அவர்களைக் கேட்காதீர்கள். அந்தப் பறவை அப்படிச் செய்யுமா என்று மட்டும் கேளுங்கள். "அந்த நேரத்துல அது அங்கன நிக்காதே தம்பி" என்று பதில் வந்தால், அவரோடு வாதிடாமல் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, மறுநாள் காலையில் அதே நேரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து திருத்துங்கள்.